ஏழு பேரை மாற்றிய கதை

காலை பத்து மணி. ராஜபாளையம் எலினாவின் முதல் சிறுகதைத் தொகுப்பு சாயங்காலம் அச்சேற வேண்டும். பதிப்பாளர் போனிலேயே நிறுத்திவிட்டார். தலைப்புக் கதை திருட்டுச் சரக்காம்.

போலீஸில் புகார் கொடுத்தவன் ஸ்ரீவில்லிபுத்தூர் கௌதம்ராஜ். எலினா இணையத்தில் போன வருஷம் போட்ட கதை, அதற்கும் முந்தைய தேதியோடு அவனுடைய இணையப் பக்கத்தில் இருந்தது.

பதினொன்றரை மணி. ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் வெங்கடேஸ்வரி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். அதற்குள் ஏட்டு குருசாமி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"நெட்ல போட்டா ஊர்ச்சொத்துதான மேடம்?"

"ஒங்க பைக்கத் தெருவுல நிப்பாட்டியிருக்கீகளே, அதுவும் ஊர்ச்சொத்தா?"

குருசாமி சட்டைப்பையில் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தேதியே சொல்லுது மேடம், நான்தான் முந்தி" என்றான் கௌதம்ராஜ்.

"ஒம் பக்கத்துல நீ நெனச்ச தேதியப் போடலாம். கதை எப்படித் தோணுச்சு?"

"எங்க அக்கா கல்யாணம் மேடம். பார்த்ததை அப்படியே எழுதுனேன்."

வெங்கடேஸ்வரி அவன் கதையின் முதல் வரியை வாசித்தார்: 'மணப்பெண் மாரீஸ்வரி கோயிலுக்குப் புறப்பட்டபோது மார்கழி பஜனை எதிரே வந்தது.' எலினா எழுதியதில் மணப்பெண் வின்சி. மற்றபடி ஒரு கமாகூட நகரவில்லை.

"இதுவும் பார்த்ததுதானா?"

"ஆமா மேடம். நம்ம ஊரு அடையாளமே அதுதான!"

"அக்காவுக்கு எந்த மாசம் கல்யாணம்?"

"வைகாசி."

"வைகாசியில ஏதுலே மார்கழி பஜனை?"

கௌதம்ராஜ் மின்விசிறியைப் பார்த்தான்.

"மார்கழியில ஒங்க வீட்டுல முகூர்த்தம் வைப்பாகளா? எலினா, நீ சொல்லு."

"வின்சிக்காவுக்கு கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் கல்யாணம் மேடம். நாங்க சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவோம். பஜனைக்காரங்க ஒதுங்கி வழிவிட்டாக."

அடுத்த கடைச் சரக்குக்குத் தன் கடைப் பை மாட்டியவன், கிறிஸ்துமஸைத் தேடித்தேடி நீக்கியிருக்கிறான். பஜனை மட்டும் நம்ம சரக்குதானே என்று விட்டுவிட்டான்.

"பொறவு நீயே எதுக்குலே புகார் கொடுத்த?"

"புஸ்தகம் வந்தா என்னையத் திருடன்னு சொல்லுவாக. அதான் முந்திக்கிட்டேன். பேரை மாத்திட்டா புதுக்கதைதான மேடம்?"

வெங்கடேஸ்வரி நெற்றியைப் பிடித்துக்கொண்டே பதிப்பாளரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். சாயங்காலம் மெஷின் ஓடும் என்றார் அவர். எலினா அப்போதுதான் முன்னாலிருந்த டீயை எடுத்தாள். அது ஆறிப்போயிருந்தது.

கௌதம்ராஜ் எழுந்தான்.

"மேடம், புஸ்தகத்துல எனக்கு ஒரு நன்றியாவது போடச் சொல்லுங்க. ஏழு பேரை மாத்த எம்புட்டுப் பாடுபட்டேன் தெரியுமா?"