இணைப்பில் இன்னொரு போன்

அன்றைக்கு அவளுக்கு அது ஏழாவது வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மழை வரப்போகிற மத்தியானம். படிக்கட்டில் சன்னல் இருந்தும் வெளிச்சம் முதல் மாடியோடு நின்றுவிட்டது. கருவிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, சுவரைத் தடவியபடி ஏறினாள்.

அந்த வாரம் முழுக்க ஒரே புகார்தான். போன்களுக்குப் புதிய அப்டேட் வந்திருந்தது. போட்டவர்களில் பாதிப் பேருக்கு வைஃபை படுத்துவிட்டது. இணைய நிறுவனத்திலிருந்து வீடு வீடாகப் போய்ச் சரிசெய்கிறவர்களில் அவளும் ஒருத்தி. அலுவலகத்தில் அவளை 'சிக்னல்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மூலையில் இணைப்பு சுணங்கினாலும் மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுக்கிறவள் வீட்டுக்கு ஒரு போன் பண்ண மாட்டேனென்கிறாள் என்பது அவளுடைய அம்மாவின் அன்றாடக் குறை.

மணியை அழுத்துவதற்குள் கதவு திறந்துகொண்டது. ஐம்பது தாண்டிய, மெலிந்த மனிதர். நீதிமன்றத்தில் பதிவு செய்த பேச்சுகளை வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுப்பது அவர் வேலை. கையில் போனைப் பிடித்திருந்தார். பேசும்போதும் கண் அதை விட்டு நகரவில்லை.

கூடத்தில் அட்டைப் பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. வீட்டைக் காலி செய்துவிட்டு அன்று மாலை ரயிலில் மகளிடம் போகிறார். மகளுக்கு மறுநாள் காலை வயிற்றில் அறுவை சிகிச்சை. அன்று மாலை நான்கு மணிக்கே மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள், போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்கு முன் அப்பாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டுமென்று அவள் கேட்டிருக்கிறாள். சுவர்கள் கனமான பழைய கட்டடம் என்பதால் சிம் சிக்னல் உள்ளே வராது. வைஃபைதான் கதி. அதுவோ அப்டேட் போட்ட நாளிலிருந்து இரண்டு நிமிடம் நிற்கிறது, கழன்றுகொள்கிறது.

மணி மூன்றே கால்.

சிக்னல் வழக்கமான வேலைகளை வழக்கமான வரிசையில் செய்தாள். ரவுட்டரை அணைத்துப் போட்டாள். போனில் பழைய வைஃபையை மறக்கச் சொல்லி, கடவுச்சொல்லைப் புதிதாக அடித்தாள். நெட்வொர்க் அமைப்புகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் இணைந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்தில் போயிற்று.

அவர் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். உட்காருங்கள் சார் என்று அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். உட்கார்வார், மறுபடி எழுந்துவிடுவார்.

மடிக்கணினியில் ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்தாள். காரணம் உடனே தெரிந்தது. வீட்டில் இணைகிற ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கும், கதவு எண் மாதிரி. அப்டேட் இவருடைய போனின் பழைய எண்ணை அழித்துவிட்டிருந்தது. புதிதாகக் கிடைத்த எண்ணில் ஏற்கெனவே வேறொரு போன் இருந்தது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் கடிதம் எங்கே போகும்? ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

"வீட்ல இன்னொரு போன் இருக்கா சார்?"

"இல்லம்மா. நான் ஒருத்தன்தான்."

"ஒண்ணு கனெக்ட் ஆயிருக்கே. 'அக்கா போன்'னு பேர் போட்டிருக்கு."

அவர் நடப்பதை நிறுத்தினார்.

அக்கா இறந்து இரண்டு மாதம் ஆகிறது என்றார். அவரை வளர்த்ததே அவள்தான். மனைவி போன பிறகு மகளையும் அவள்தான் வளர்த்தாள். இந்த ரவுட்டரை வாங்கி மாட்டி, பக்கத்து வீட்டார் ஓசியில் பிடிக்காமல் பூட்டுப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்ததும் அவளே. கீழே விழுந்தபோது போன் அவள் கையில் இருந்தது. உடைந்துபோயிற்று.

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். சிக்னல் உறையைப் பிரித்தாள். திரை சிலந்திவலை போல நொறுங்கியிருந்தது. முதுகு மூடி கழன்றிருந்தது. பேட்டரி இருக்கவேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. உப்பிப்போன பேட்டரியைக் கழற்றி எறிந்து ஒரு மாதமாகிறது என்றார் அவர்.

செத்த போன் அவள் இடது கையில் கனத்தது.

மடிக்கணினித் திரையில் 'அக்கா போன்' என்ற வரிக்கு நேரே பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

யாரோ பெயரைத் திருடியிருப்பார்கள் என்று அவள் சொன்னாள். மேல் வீட்டிலோ கீழ் வீட்டிலோ யாராவது செய்யக்கூடியதுதான். கண்டுபிடிக்கவும் வழியுண்டு. இணைந்திருக்கிற போன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று ரவுட்டர் ஒரு எண்ணால் காட்டும். எழுபது என்றால் தூரம், கடைசி அறைக்கும் அப்பால். முப்பது என்றால் ரவுட்டரின் மேலேயே வைத்த மாதிரி.

அறுபத்தெட்டு என்றது திரை. பக்கத்து வீடாக இருக்கலாம், அவள் பெருமூச்சு விட்டாள்.

அறுபத்தொன்று.

ஐம்பத்தைந்து.

அவள் தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அது அசையவில்லை. அவளும் அசையவில்லை.

நாற்பத்தொன்பது. கூடத்துக்கு வருகிற நடையில் இருக்கும்.

நடையில் யாருமில்லை. கட்டிவைத்த பெட்டிகளும் கழற்றிய விளக்கின் கம்பியும்தான் தெரிந்தன. ஆனால் வீடு முழுவதும் அடைத்துவைத்த துணியும் தூசியுமாக மணத்துக்கொண்டிருந்த காற்றில் இப்போது வேறொன்று கலந்தது. மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலம். லேசாக வந்து, வந்தபடியே நின்றது.

முப்பத்தெட்டு.

ரவுட்டர் அவர்கள் இருவருக்கும் நடுவே, சுவரோரம் முக்காலியின் மேல் இருந்தது.

எண் மறுபடி ஏறத் தொடங்கியது. நாற்பத்தாறு, ஐம்பத்தைந்து, அறுபத்திரண்டு. கடைசி அறைவரை போய்த் திரும்பியது. ஐம்பத்தைந்து. நாற்பத்தாறு. முப்பத்தெட்டில் கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி போயிற்று.

"நடக்கறா," என்றார் அவர், ஏறக்குறைய உதடு அசையாமல். "நான் வர லேட்டானா, போன் எடுக்கலன்னா, இப்படித்தான் நடப்பா. ரூம்ல இருந்து ஹாலுக்கு. ஹால்ல இருந்து ரூமுக்கு."

சிக்னல் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பத்து வருடமாக இந்த வேலை. எந்த வீட்டிலும் கருவிகளை விட்டுவிட்டு ஓடத் தோன்றியதில்லை. அன்று தோன்றியது. மணியைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. ஒரு மருத்துவமனை வராந்தாவில் ஒரு பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

இதை வெளியே எடுத்துவிட்டால் உங்கள் போன் நிற்கும் சார், எடுக்கட்டுமா என்று கேட்டாள். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்பதுபோல இருந்தது.

அவர் அவள் கையிலிருந்த உடைந்த போனை வாங்கி உறைக்குள் வைத்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் அந்தப் பெயரைத் தொட்டாள். 'தடை செய்' என்பதை அழுத்தினாள். பச்சைப் புள்ளி அணைந்தது.

வீடு அமைதியானது.

அடுத்த நொடி, ரவுட்டரின் பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது. அக்கா போன்: இணையக் கோரியது, மறுக்கப்பட்டது.

இன்னொரு வரி. மறுக்கப்பட்டது.

இன்னொன்று.

வரிகள் நொடிக்கு ஒன்றாக விழுந்தன, பிறகு நொடிக்கு இரண்டாக, பிறகு படிக்க முடியாத வேகத்தில் திரை தானாக ஓடியது. அதே நேரம் கடைசி அறையில் ஒரு அலமாரிக் கதவு திறந்து மூடியது. அடுத்த அறையில் ஒன்று. குளியலறைத் தாழ்ப்பாள் கடகடத்தது. வெறுங்கால்கள் தரையில் பதிகிற சத்தம், அவசரமாக, ஒவ்வொரு அறையாக. வீட்டுக்குள் இருந்துகொண்டே வாசலைத் தேடுகிற ஒருத்தியின் நடை அது.

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அன்னைக்கும் நான் இதத்தாம்மா செஞ்சேன்," என்றார். "பொண்ணுகூடப் போய் இருக்கப்போறேன்னு சொன்னேன். என்னைத் தனியா விட்டுட்டுப் போறியான்னு சண்டை. நான் வெளிய போன பிறகும் விடாம போன் பண்ணா. கோவத்துல அவ நம்பரை ப்ளாக் பண்ணிட்டேன். சாயங்காலம் எடுத்துப் பாக்கறேன், பதினாலு கால். விழுந்த பிறகு அந்த உடைஞ்ச போன்லயே பண்ணது."

சிக்னல் மடிக்கணினியைக் கீழே வைத்தாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

நான்குக்கு மூன்று நிமிடம் இருக்கையில் எல்லாம் ஒரே வெட்டாக நின்றது. காலடியும் நின்றது, பதிவேட்டில் வரிகளும் நின்றன. தைல வாசனை மட்டும் போகவில்லை.

அவருடைய போன் ஒலித்தது.

மகளின் முகம் தெளிவாக, ஒரு முறைகூடத் தடைபடாமல் வந்தது. சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டாள். பயமா இருக்கு என்றாள். அவர் சிரித்த முகத்தோடு, காலையில் கண் விழிக்கும்போது எதிரே இருப்பேன் என்றார். மகளுக்குப் படம் ஆடாதபடி சிக்னல் போனை அடியில் தாங்கிப் பிடித்திருந்தாள்.

பேசி முடித்ததும் அவர் வீட்டில் ஒரு நிமிடம் நிற்கவில்லை. பெட்டிகளை ஏற்ற வண்டி வரும்வரை அவளோடு தெருவில், மழைத் தூறலில் நின்றார். உடைந்த போனை என்ன செய்வதென்று அவளைக் கேட்டார். எங்கேயும் போடாதீர்கள், கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் ஏன் சொன்னாளோ, அவளுக்கே தெரியவில்லை. பின்னால் ஏதாவது தொந்தரவென்றால் கூப்பிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வதைப்போல் சொல்லிவிட்டுத் தன் எண்ணைக் கொடுத்தாள்.

அன்று பேருந்தில் ஏறியதும் அம்மாவுக்கு போன் செய்தாள். அம்மா பதறிப்போனார். என்னடி ஆச்சு என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி நம்பவைக்க இரண்டு நிறுத்தம் ஆயிற்று.

அதன் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை நடந்தது, வீடுகள் வந்தன, போயின. ஆனால் எந்த ரவுட்டரைத் திறந்தாலும் முதலில் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாள். 'தடை செய்' என்ற சொல்லைக் கண்டால் விரல் பின்வாங்கியது. சொன்னதைத்தான் செய்தேன், இருந்தும் அழுத்தியது என் விரல் என்று தனக்குள் எத்தனையோ முறை வாதாடிப் பார்த்தாள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு காலை பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டார்.

மகள் நன்றாகத் தேறிவிட்டாள் என்றார். இன்றுதான் முதல் நாளாக வேலைக்குப் போயிருக்கிறாள், மருமகனும் போய்விட்டார், வீட்டில் தான் மட்டும்தான் என்றார். குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் அவளை எழுந்து நிற்கவைத்தது.

"இங்க புது போன் எது வந்தாலும் ரவுட்டர் கேட்டுட்டுத்தான் சேர்க்கும்மா. மாப்பிள்ளை அப்படி வச்சிருக்கார். காலைல இருந்து ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு."

என்ன பெயர் என்று அவள் கேட்கவில்லை.

"ரெண்டு பட்டன் காட்டுது. எழுத்து பொடியா இருக்கு, கண்ணாடி இல்லாம தெரியல. எதைத் தொடணும்?"

வேண்டாம் என்று சொல்லலாம். போனை வைத்துவிட்டு வெளியே போய் நில்லுங்கள் என்று சொல்லலாம். சொல்ல வாயெடுத்தாள். அலமாரிகளைத் திறந்து திறந்து மூடிய அந்தக் கைகளும், விழுந்த பிறகு பதினான்கு முறை தம்பியைக் கூப்பிட்ட கைகளும் ஒன்றுதானே என்று தோன்றியது.

"நிஜமாவே சேர்க்கணுமா சார்?"

"ரெண்டு தடவை வெளிய நிறுத்திட்டேன்மா. போதும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இடது பக்கம் இருக்கறதுதான் 'அனுமதி'. அதைத் தொடுங்க."

மறுமுனையில் நகம் கண்ணாடியில் படும் மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அவருடைய மூச்சு மட்டும். அந்த மூச்சும் ஓரிடத்தில் நின்றது.

போனைக் காதிலிருந்து விலக்கி, வேறு பக்கம் திரும்பி, அவர் மெதுவாகப் பேசுவது கேட்டது.

"உட்காருக்கா."

யாருமில்லாத அந்த வீட்டில், தரையில் ஒரு நாற்காலி இழுபட்டது.