கதவைத் தட்டும் குதிரை

கப்பலில் வந்த குதிரையின் சான்றிதழில் 'கெட்ட பழக்கம் எதுவும் இல்லை' என்று எழுதி, விற்ற நாட்டு மருத்துவரின் முத்திரையும் குத்தியிருந்தது. ஆனால் லாயத்தின் கடைசி அறைக்குள்ளிருந்து, மூடிய கதவைத் தட்டும் சத்தம் வந்துகொண்டேயிருந்தது. மூன்று தட்டு, சிறிது இடைவெளி, பிறகு மொத்த உடம்பாலும் மோதியது போல ஒரே ஒரு இடி.

சின்னவர் கதவிலிருந்து ஓரடி விலகி நின்றார். அந்த வரிசையை, அதே கதவில், அவர் முன்பும் ஒருமுறை கேட்டிருந்தார்.

"வந்த மறுநாளே வேலையக் காட்டுறான் பாருங்க," என்று கால்நடை மருத்துவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "விக்கும்போது எல்லாமே சாதுதான். உதைக்கிற பழக்கம்னு என் சான்றிதழ்ல சேத்துடறேன்."

அண்ணி சிரிக்கவில்லை. குதிரையின் காகிதங்கள் இருந்த கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். குதிரைக்குச் சொல்லிவைத்தது அவள் கணவன்; அது கரை சேருமுன் அவன் இறந்துபோனான். காகிதங்களில் இன்னும் அண்ணன் பெயர்தான். மருத்துவர் சோதித்துச் சான்று கொடுத்ததும் அண்ணி ஒரு கையெழுத்துப் போட்டால், குதிரையும் அதோடு லாயமும் சின்னவருடையவை. அந்த ஒரு கையெழுத்துக்காக அவர் இத்தனை மாதமும் அவள் முன்னால் பூனை மாதிரி நடந்து வந்தார்.

மருத்துவர் கதவின் மேல்பாதியைத் திறந்தார். சத்தம் சட்டென்று நின்றது. பழுப்புக் குதிரை எதிர்மூலையில் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி நின்றது.

"தட்டுறது வாசல்ல, நிக்கிறது மூலையில. பலே கள்ளன்டா நீ!"

கழுத்தில் கருவியை ஓட்டினார்; தோலுக்கடியில் இருந்த அடையாளச் சில்லு 'கீச்'சென்று பதில் சொன்னது. அவர் எண்ணை வாசிக்க, சின்னவர் காகிதத்தோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. ஈறு, இதயம், மூச்சு, எல்லாம் சரி. ஈர வைக்கோல் வாசனைக்கு அடியில் இன்னொன்று மெல்லக் கிளம்பி மூக்கில் ஏறியது. அண்ணன் முட்டிவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி. அந்தப் புட்டியைச் சின்னவர் தன் கையாலேயே குப்பையில் போட்டிருந்தார்.

மருத்துவர் குளம்பைத் தூக்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "கதவை உதைக்கிறவனுக்கு முனை தேஞ்சிருக்கும். இதுல ஒரு கீறல்கூட இல்லையே."

"தம்பி," என்றாள் அண்ணி, "அன்னைக்கும் இப்படித்தானே கேட்டுச்சு? மூணு தடவை, அப்புறம் ஒண்ணு."

"எல்லாக் குதிரையும் அப்படித்தான் அண்ணி."

"கணக்கு வச்செல்லாம் உதைக்காது சார்," என்றார் மருத்துவர், குனிந்தபடியே.

அண்ணியின் பார்வை கதவின் தாழ்ப்பாளுக்குப் போனது. அவள் மேலும் ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வயிற்றுவலியில் புரண்ட கிழட்டுக் குதிரைக்கு மருந்து ஊற்ற அண்ணன் உள்ளே போன அந்தச் சாயங்காலம், தாழ்ப்பாளைத் தள்ளியது சின்னவரின் கை. முதலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரல் கேட்டது. பிறகு குரல் இல்லை. கைமுட்டியால் மூன்று, தோளால் ஒன்று. சமையலறை ஜன்னலிலிருந்து அண்ணி என்ன சத்தம் என்று கேட்டபோது, "குதிரைதான் அண்ணி. காலை உதைக்குது. தானா அடங்கிடும்," என்று அவர் நிதானமாகச் சொன்னார். அடங்கியது. அண்ணனை உதைத்துக் கொன்ற பழி கிழட்டுக் குதிரையின் தலையில் விழுந்தது. அதைச் சுட்டுப் புதைத்தார்கள்.

"கடைசியா கண்ணு. இருட்டுல பாக்கணும்," என்று மருத்துவர் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டார். "பாக்குற கருவி ஜீப்லயே இருக்கு. அவன் கண்ணு இருட்டுக்குப் பழகட்டும். கயித்தப் பிடிச்சுட்டு நில்லுங்க சார். லாயக்காரன் இந்த அறைக்குள்ள வரமாட்டேன்னுட்டானே." பேனா அளவு டார்ச் ஒன்றைச் சின்னவர் கையில் திணித்துவிட்டு வெளியேறினார்.

வெளியிலிருந்து அண்ணி கதவின் இரண்டு பாதியையும் மூடினாள்.

"அண்ணி, மேல்பாதி திறந்தே இருக்கட்டும்."

"வெளிச்சம் வரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல, தம்பி?"

தாழ்ப்பாள் நகர்ந்தது. மெதுவாக. இரும்பு இரும்பில் உரசி, கடைசிவரை போய், அடித்து உட்கார்ந்தது.

இருட்டு. குதிரையின் மூச்சு சூடாக, வேகமாக, அவர் முழங்கையில் பட்டது. திடீரென்று கயிறு கையை அறுத்துக்கொண்டு உருவிப் போனது. குளம்புகள் பின்னால், இன்னும் பின்னால், மூலை வரை தடதடத்தன. மூச்சு மட்டும் போகவில்லை. இப்போது அது பிடரியில் இருந்தது. குளிர்ந்திருந்தது.

தைல நெடி.

சின்னவர் கதவில் விழுந்தார். கத்த வாய் திறந்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கைமுட்டியால் தட்டினார். மூன்று முறை. திறக்கவில்லை. தோளைக் கொடுத்து மோதினார்.

தான் தட்டிய வரிசை தன் காதிலேயே விழுந்தது.

வெளியே ஜீப் பக்கமிருந்து மருத்துவரின் குரல். "என்னம்மா, மறுபடி தட்டுறானா? சார் எங்க?"

"அவரு காகிதம் எடுக்க வீட்டுக்குப் போயிருக்காரு." அண்ணியின் குரல் கதவை ஒட்டி, மிக அருகில், நிதானமாக வந்தது. "குதிரைதான் டாக்டர். காலை உதைக்குது. தானா அடங்கிடும்."

சின்னவரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

மூன்று. உட்பக்கம். அவர் காதுக்குப் பக்கத்தில். பிறகு ஒன்று, கதவோடு அவரும் அதிர்ந்தார்.

திரும்பி டார்ச்சை அழுத்தினார். ஒளி எதிர்மூலையில் விழுந்தது. குதிரை சுவரோடு சுவராக ஒட்டி, நான்கு காலும் நடுங்க, கண்ணின் வெள்ளை முழுதும் தெரிய நின்றது. அது அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.