செங்கல் வரிசை

இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் கல்லறைத் தோட்டம் கூட வேடிக்கைதான். மிதித்தால் விளக்கு எரிகிற பாதை போட்டாலும் போட்டார்கள், பூ வைக்க வந்தவன் பூவை ஓரமாக எறிந்துவிட்டுக் குதி குதியென்று குதிக்கிறான், பொண்டாட்டி அதைப் போனில் பிடிக்கிறாள். ஐசக் சலித்துப்போய், எல்லாரும் தொலையட்டும் என்று காத்திருந்தார். போய்விட்டார்கள். பாதையில் ஒருத்தரும் இல்லை. ஆனாலும் சுவரோரம் ஒரு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது.

"ரயில் அதிர்வுண்ணா," என்றார் டேனியல். ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தோட்டத்தைக் கவனிக்கிற சபைக் கமிட்டிக்காரர் அவர். கல்லுக்கு அடியில் ஏதோ வில்லை இருக்கிறதாம். அமுங்கினாலும் அதிர்ந்தாலும் அதில் கரண்ட் வருமாம், பில்லே கிடையாதாம்.

"நடக்கறவன் காலுல கரண்ட் எடுக்கறானாம். எவனோ உன் தலையில கட்டிட்டுப் போயிருக்கான்," என்றார் ஐசக். அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது.

பொண்டாட்டி ஜெயசீலி மதியம் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். நாளைக் காலையில் அடக்கம். அவள் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று, தன்னைப் பாப்பாவிடம் வைக்க வேண்டும் என்று. அந்தப் பாப்பா உயிரில்லாமல் பிறந்து நாற்பது வருஷம் இருக்கும். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு அப்போது பெயரும் கிடையாது, கல்லும் கிடையாது. சுவரோரம் புதைத்து, தலைமாட்டில் ஒரு செங்கல்லை நட்டுவிடுவார்கள். இருட்டுவதற்குள் அந்தச் செங்கல்லைக் காட்டினால்தான் குழி வெட்டுகிறவன் காலையில் அங்கே வெட்டுவான்.

செங்கல்லைக் காணோம்.

டேனியல் தலையைச் சொறிந்தார். வரிசையாகச் செங்கல் இருந்தது நிஜம்தான், பழைய பாத்தி என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நேராக இருக்கிறதே என்று அதன் மேலேயே பாதையைப் போட்டுவிட்டார்களாம்.

"உத்தேசமா ஒரு இடம் சொல்லுங்கண்ணா. கல்லப் பேத்துக் குடுத்துடறேன்."

"உத்தேசமா பொண்டாட்டியப் பொதைக்கச் சொல்றியா?"

டேனியல் கேட் சாவி எடுத்துவரப் போனார்.

மழைக்கு வானம் இறங்கியிருந்தது. அழுகின சம்பங்கி மாலையும் உருகின மெழுகும் ஈரமண்ணும் சேர்ந்த வாடை மூக்கிலேயே தங்கிவிட, ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்ட மாதிரி ஒரு அமுக்கம். அதே விளக்கு மறுபடி எரிந்தது. ஐசக் ஸ்டேஷன் பக்கம் காது கொடுத்தார். தண்டவாளம் சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, லைனில் வேலை. மதியத்திலிருந்து ரயிலே ஓடவில்லை, அவர் வந்ததே ஷேர் ஆட்டோவில்தான்.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

எலியாக இருக்கும். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கல் மேல் உள்ளங்கையை வைத்தார். மிதித்தால் கீழே அமுங்க வேண்டிய கல். அது மேலே எழும்பியது. மெதுவாக, கையை முட்டிக்கொண்டு. நின்றது. மறுபடி.

அந்த முட்டல் அவருக்குத் தெரியும். ஜெயசீலியின் வயிற்றில் இதே கையை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். சின்னக் குதிகால். ஒரு உதை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

கையை எடுத்தார்.

அடுத்த கல் எழும்பியது. அதற்கடுத்தது. வரிசை முழுக்க. ஒவ்வொன்றாக விளக்குகள். சத்தமே இல்லை.

"எப்படி எரியுது பாத்தீங்களாண்ணா," சாவியோடு வந்த டேனியலுக்குப் பெருமை. "இடம் தெரிஞ்சுதா?"

"தெரியல. வேற எங்கனா வெட்டச் சொல்லு."

"அக்கா ஆசப்பட்டாங்களேண்ணா."

ஐசக் பாதையில் கால் படாமல் பக்கத்துச் சேற்றில் இறங்கிக் கேட்டைப் பார்த்து நடந்தார். விளக்குகள் பக்கத்திலேயே வந்தன. அவர் நின்றால் நின்றன. நடந்தால் வந்தன.

கேட்டருகே பாதை முடிந்தது. கடைசிக் கல் எழும்பி நின்றது. இறங்கவில்லை. அதன் ஓரத்து மண் விண்டது.

"எலிதான்," என்றார், யாரிடமோ. செருப்புச் சேற்றைக் கூட உதறாமல் ரோட்டில் ஏறி நடந்தார்.