கண்ணாடியில் கீரிக்குட்டிகள்

"என் பல்லைப் பார்த்துத்தானே சிரிச்சீங்க?"

வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு விருட்டென்று எழுந்தான் லிஃப்ட் மெக்கானிக். பல் டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயையோ... இல்லைங்க!"

"மாஸ்க் வாயைத்தான் மறைக்கும் டாக்டர். கண்ணு சிரிச்சுதே... அதை எங்க ஒளிச்சு வைப்பீங்க?"

சிரித்தாள்தான். ஆனால் எதைப் பார்த்து? நாற்காலிக்குப் பின்னால் திறந்த ஜன்னல். அதற்கு வெளியே ஒரு காலிமனை. அங்கே கிடந்த சிமெண்ட் குழாய்க்குள் ஒரு கீரிக்குட்டி நுழைய, இன்னொன்று இந்தப் பக்கம் பதுங்கிக் காத்திருந்தது. உள்ளே போனதோ அந்தப் பக்கமாக வெளியேறி, சுற்றி வந்து, காத்திருந்ததன் முதுகில் பொத்தென்று விழுந்தது. இரண்டும் கட்டிப் புரண்டன. யாருக்குத்தான் சிரிப்பு வராது!

"பின்னாடி பாருங்க... கீரிக்குட்டி!"

திரும்பினான். அவன் போட்ட சத்தத்தில் அவை எப்போதோ ஓட்டம் பிடித்திருந்தன. வெறும் புல்தான் ஆடியது.

"பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருந்தச் சொல்லுங்க!"

அரைகுறையாக அடைத்த பல்லோடு போயே விட்டான்.

ஆளைப் பார், ரோஷத்தைப் பார் என்று அவளும் சிலுப்பிக்கொண்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. முன்னால் துருத்தி நிற்கும் அவனுடைய தெத்துப்பல்லை எத்தனை பேர் கேலி செய்திருப்பார்களோ... அவர்களில் ஒருத்தியாகத் தன்னையும் சேர்த்துவிட்டானே! அதுதான் அவளை அரித்தது. இன்னொரு முறை வருவானா? நம்புவானா?

பல்வலிக்கு ரோஷம் தெரியுமா என்ன? ஒரு மழைநாள் சாயங்காலம், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். முகம் மட்டும் உர்ரென்று.

அவள் அவனை நாற்காலியில் உட்கார வைத்தாள். அவன் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, ஜன்னல் தெரியும்படி சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள்.

மழை ஓய்ந்தது. குழாயிலிருந்து ஒரு கூர்மூக்கு எட்டிப் பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று. ஒன்றின் வாலை ஒன்று பிடிக்க ஓடி, ஈர மண்ணில் வழுக்கி, குட்டிக்கரணம் போட்டு... அவன் சிரித்த சிரிப்பில் நாற்காலியே குலுங்கியது!

"ஆடாதீங்க! பல்லுக்குப் பதிலா நாக்கை அடைச்சிடப்போறேன்..."

வாய் விடுபட்டதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "மன்னிச்சுக்கோங்க." அப்புறம் மெதுவாக, "பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சது... யாரு சிரிச்சாலும் என்னைப் பார்த்துத்தான்னு தோணும்" என்றான்.

அதன்பிறகு சிகிச்சைக்கு வரும் நாளெல்லாம் சீக்கிரமே வந்துவிடுவான். இருவரும் ஜன்னலோரம் நின்று பார்ப்பார்கள். அந்தக் குட்டிகளுக்கு ஒரு வேலையும் இல்லை, ஒரு கவலையும் இல்லை. பார்க்கிற நேரம்வரை இவர்களுக்கும் இல்லை.

கடைசி நாள். பல் முழுசாகச் சரியாகிவிட்டது. அவன் எழவில்லை.

"டாக்டர், இந்தத் தெத்துப்பல்லையும் நேராக்கிடுங்க. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கணும்னு அக்கா ஒத்தைக்கால்ல நிக்கிறா."

அவளுக்குத் திக்கென்றது.

"பொண்ணு... பார்த்தாச்சா?"

"எங்க? போட்டோவைப் பார்த்துட்டு யாராவது சரின்னு சொல்லணுமே!"

"கம்பி போட்டா நேராயிடும். டாக்டரா அதான் சொல்லணும்..."

"அப்போ போடுங்க."

"மாட்டேன்."

"ஏங்க... அவ்வளவு மோசமா?"

அவள் கண்கள் தாழ்ந்தன. காது மடல்வரை சிவந்துவிட்டது. இப்போது விட்டால் இந்த மனுஷன் வேறொரு டாக்டரைத் தேடிப் போய்விடுவான். பல்லும் போகும், ஆளும் போவான்.

"எனக்கு அந்தப் பல்லைப் பிடிச்சிருக்கு... அது இருக்கிற ஆளையும்தான்."

அவன் திகைத்துப்போய்ப் பார்த்தான்.

"அப்போ... அக்கா கேட்ட போட்டோ?"

"போட்டோ எதுக்குங்க? அதான் நான் நேர்லயே பார்த்துட்டேனே..."