பூட்டுக்குள் ஒரு சாட்சி

"ஆ...!"

நர்ஸின் அலறல் அந்த முதியோர் இல்லத்தையே உலுக்கியது.

கட்டிலில் வாத்தியார். வாய் பிளந்து, கண்கள் நிலைகுத்தி... பிணம்!

பக்கத்துக் கட்டிலில் போர்வையை இறுக்கியபடி உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் கண்டக்டர் என்பார்கள். பஸ்ஸில் விசில் ஊதியே ரிட்டயர் ஆனவர்.

"மேனேஜர்தான்... தலகாணிய வச்சு அமுக்கினான்! நான் பாத்தேன்!"

தகவல் போய் ஓடி வந்த கண்டக்டரின் மகள், மேனேஜரைப் பார்த்தாள். அவன் முகத்தில் சாந்தம் சொட்டியது.

"வைரஸ் காய்ச்சல் வந்து போனதிலேர்ந்து இங்க பாதிப் பேர் இப்படித்தாம்மா. உடம்பு தேறிடுச்சு, மூளை தேறல. வாத்தியாருக்கு ஹார்ட் நின்னுபோச்சு. இவரு கனவு கண்டிருக்காரு."

"பொய்! பொய்ம்மா!"

"அப்பா..." மகளின் குரல் உடைந்தது. "போன வாரம், அம்மா சமையல்கட்டுல இருக்கா, கூப்பிடுன்னீங்க. அம்மா போய்ச் சேந்து எத்தன வருஷமாச்சு?"



கண்டக்டர் அப்படிச் சொல்லியிருப்பார்தான். காய்ச்சலுக்குப் பிறகு தன் தலையையே அவரால் நம்ப முடியவில்லை. அப்படியானால் தலையணை...? அதுவும் கனவுதானா? பயமாக இருந்தது. வார்டுக்குள் அடைபட்டது போதாதென்று மண்டைக்குள்ளும் அடைபட்டுவிட்டார்!

"என்னக் கூட்டிட்டுப் போயிடும்மா..."

"நாளைக்கு வரேம்ப்பா."

அழுதபடியே போனாள்.

வார்டு வாசலில் நம்பர் பூட்டு. வெளியிலிருந்து வர, கைப்பிடியைத் திருகினால் போதும். உள்ளேயிருந்து போகத்தான் நம்பர் வேண்டும். எந்தப் பெரிசாவது நம்பரைக் கண்டுபிடித்து நழுவினால் உடனே மாற்றிவிடுவார்கள். அன்று காலையும் ஒருவர் நழுவிப் பிடிபட்டிருந்தார்.

மேனேஜர் கண்டக்டரின் முகத்துக்கு நேரே குனிந்தான்.

"கனவில்ல பெரிசு. மருந்த நான் வெளில விக்கிறத வாத்தியார் பாத்துட்டாரு. அதான்! போ, ஊரெல்லாம் சொல்லு. எவன் நம்புவான்?"

கண்டக்டரின் முகம் மலர்ந்தது. சாகப்போகிறவருக்கு வரக்கூடாத சந்தோஷம்!

"அப்ப... நான் பாத்தது நெஜமா? என் மூள நல்லாத்தான் இருக்கா?"

"இருக்கு. இன்னும் ரெண்டு நிமிஷம்!"

வாத்தியாரைப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்து தலையணையை உருவினான்.

"சார்..."

அறை வாசலில் மகள்!

"நர்ஸ் சொன்ன நம்பருக்குக் கதவு தெறக்கல. காலைல நீங்க மாத்திட்டீங்களாம். புது நம்பர் என்னன்னு வந்தேன்... எல்லாம் காதுல விழுந்துச்சு!"

மேனேஜர் அவளைத் தள்ளிவிட்டு வார்டு வாசலுக்குப் பாய்ந்தான். நம்பரை அமுக்கினான்.

'பீப்!' சிவப்பு விளக்கு.

"நாலு... ஏழு... இல்ல, ஏழு, நாலு..."

'பீப்!'

காய்ச்சல் அவனையும்தான் போட்டுப் படுத்தியது. அதன் பிறகு வைத்த சாவியை, பேச வந்த பேச்சை மறந்து தவித்ததையெல்லாம், வேலை போய்விடும் என்று மூடி மறைத்திருந்தான். இப்போது, தானே மாற்றிய நம்பர்... துடைத்தெடுத்தாற்போல் காணோம்!

மகள் போலீஸுக்குப் போன் செய்துவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"பெத்த அப்பாவ நம்பாமப் போனேனே... மன்னிச்சிடுங்கப்பா."

போலீஸ் வந்தது. வெளியிலிருந்து கைப்பிடியைத் திருகியது. கதவு சமர்த்தாகத் திறந்துகொண்டது!

மேனேஜரின் தோளைத் தட்டினார் கண்டக்டர்.

"கவலப்படாதீங்க சார். எறங்குற எடம் மறந்துபோனாலும் இவங்க கரெக்டா ஸ்டேஷன்ல எறக்கி விட்டுடுவாங்க!"