புதிய பிரவுசரும் அக்காவின் ரகசியமும்

சின்னவளுக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முந்தின நாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் தேடியது ஒன்றே ஒன்றுதான்: கோணல் பல்லை நேராக்குவது எப்படி? மறுநாள் அக்கா போய் உட்கார்ந்தால், திரை முழுக்கப் பல் விளம்பரம்.

"என்ன பல்லழகி, இதெல்லாம் யாருக்கு?" என்று சிரித்தாள் அக்கா.

இனி அந்தப் பிரவுசரே வேண்டாம் என்று சின்னவள் முடிவு செய்தாள். அம்மாவிடம் கேட்டுவிட்டு, நாம் தேடுவதை மோப்பம் பிடிக்காத வேறொரு பிரவுசரை ஏற்றினாள். பழையதில் இருப்பதையெல்லாம் இங்கே கொண்டுவரட்டுமா என்று அது பவ்யமாகக் கேட்டது. அவசரக்குடுக்கை முழுதாகப் படிப்பாளா? 'ஆம்' என்று அமுக்கிவிட்டாள்.

அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் பார்த்த பக்கங்களும் வரிசைகட்டி வந்து நின்றன. பல்லையாவது அழித்துவிடலாம் என்று பட்டியலில் இறங்கியவள், பாதியில் நின்றாள்.

'இடது காது கேட்காமல் போவது ஏன்?'

'காது கேட்காதவர்களைப் பாட்டுக் குழுவில் வைத்துக்கொள்வார்களா?'

அந்த வீட்டில் பாட்டுக் குழுவில் இருப்பது அக்கா மட்டும்தான். சின்னவள் புதிய பிரவுசருக்கு வந்த அத்தனையையும் அவசரமாக அழித்தாள். மண்டைக்குள் போனதை எப்படி அழிப்பது?

அன்று சாப்பிடும்போது, அக்காவின் இடப்பக்கம் நின்று அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். அக்கா திரும்பவில்லை.

"கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கிற. அவ்வளவு திமிரா?" என்று அம்மா பொரிந்து தள்ளினாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள் தட்டை நகர்த்திவிட்டுப் பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டால் திட்டு நின்றுவிடும். ஆனால் அது அக்காவின் ரகசியமாயிற்றே. சொல்லாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டாமலே நாள் ஓடிவிடுமே. இரண்டு நாள் இப்படியே பயந்துகொண்டு அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மூன்றாம் நாள் மாலை, அக்காவுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, காதைப் பத்தி நீ தேடினதைப் பார்த்துட்டேன். வேணும்னு பார்க்கல. யார்கிட்டயும் சொல்லல."

அக்காவின் முகம் சிவந்தது. வெளியே போ என்றாள். சின்னவள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"டீச்சருக்குத் தெரிஞ்சா குழுவுல இருந்து எடுத்துருவாங்கடி."

"அது எனக்குத் தெரியாதுக்கா. ஆனா டாக்டர் பார்த்தா, சரியாகுமான்னாவது தெரியும்ல?"

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அம்மாகிட்ட நீயே சொல்லிடேன்."

"நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கறேன்."

இருவரும் சமையலறைக்குப் போனார்கள். அங்கே அக்காவுக்கு வாயே வரவில்லை. அம்மா சின்னவளைப் பார்த்து, நீயாவது என்னவென்று சொல் என்றாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சின்னவள் உதட்டை இறுக்கிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா," என்றாள் அக்கா, "எனக்கு இடது காது சரியா கேட்கல."

அம்மா அடுப்பை அணைத்தாள். அக்காவின் வலப்பக்கமாக வந்து நின்று, மெதுவாகக் கேட்டாள்: "எத்தனை நாளா இப்படி, கண்ணு?"