புஷ்கரில் கேட்ட குரல்

"புஷ்கர் வேண்டாம். வேற எந்த ஊருக்கு வேணும்னாலும் போங்க..."

தோசைக்கல் முன்னால் நின்றபடி நாச்சியார் சொன்ன அந்த ஒரு வார்த்தையில், திருவனந்தபுரம் வலியசாலை வீட்டின் காலைப்பொழுதே கெட்டுப்போனது.

பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிவிட்டாள் ஆர்யா. ஓணம் லீவுக்கு எங்கே கேட்டாலும் கூட்டிப்போவதாக அவளுடைய மாமா குற்றாலலிங்கம் வாக்குக் கொடுத்திருந்தார். நாச்சியாரின் கணவர், சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஆர்யா கேட்டது ராஜஸ்தான். மணல்மேடு, ஒட்டகம், பாலைவனத்துக்கு நடுவே ஓர் ஏரி, ஏரியைச் சுற்றிப் படித்துறைகள்... போனில் படம் படமாகக் காட்டி எல்லோரையும் மயக்கி வைத்திருந்தாள். அவளுடைய அம்மா கலைச்செல்விக்கோ, அந்த ஏரிக்கரையில் பிரம்மாவுக்குக் கோயில் இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

"அத்தே, ப்ளீஸ்... எந்தா இப்போ பிரச்னம்? டிக்கெட்டே போட்டாச்சு!"

"அங்க வெயில் அடிக்கும் மக்களே. தண்ணி சரியில்ல. குடகு போவோமே..."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கலைச்செல்வி கத்தியைத் தட்டில் எறிந்தாள்.

"தண்ணியும் இல்ல, வெயிலும் இல்ல! நான் ஒரு இடத்துக்கு ஆசைப்பட்டா மதினிக்கு ஆகாது, அதாக்கும் விஷயம். எம் புருஷனை வீட்டை விட்டு விரட்டினது போதாதா? என் தலையெழுத்தை மாத்துப்பான்னு அந்த பிரம்மா காலடியில போய் அழுதுட்டு வரக்கூட விடமாட்டியா?"

"கலை..."

"உனக்கு இல்லாத வாழ்வு எனக்கும் இருக்கக்கூடாதுன்னு நினைச்சவதானே நீ!"

பிள்ளையில்லாத நாச்சியாருக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று கலைச்செல்விக்குத் தெரியும். பதினாறு வருஷமாகத் தெரியும். குற்றாலலிங்கம் பேப்பரிலிருந்து தலையை உயர்த்தினார். தங்கையை ஒன்றும் சொல்லவில்லை.

"ஏட்டி, உன் வாய் செஞ்சது போதும். பேசாம தோசையைச் சுடு."

நாச்சியார் திரும்பிக்கொண்டாள். கண்ணில் முட்டியதைப் புகையின்மேல் பழி போட்டுத் துடைத்தாள்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்றுதான். கலைச்செல்வி ஐந்து மாதக் கர்ப்பிணியாகப் படுக்கையில் கிடந்தபோது, அவள் கணவன் நயினாரைப் பார்த்து, "இனி இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது" என்று நாச்சியார் கத்தினாள். உள் அறையில் கிடந்த கலைச்செல்வியின் காதில் விழுந்தது அது மட்டும்தான். போனவன் போனவன்தான். போலீசில் புகார் கொடுத்தார்கள், கோவளத்தில் அவன் வேலை பார்த்த ஹோட்டலில் போய் விசாரித்தார்கள். ஒரு துப்பும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நாச்சியார் சொன்ன பதில், "ஏதோ கோபத்துல சொல்லிட்டேன்" என்பதுதான்.

"ஹய்யா, இது சூப்பர்!" என்று திடீரென்று துள்ளினாள் ஆர்யா. "ஏரிக்கரையிலேயே ஒரு லாட்ஜ். ஓனருக்கு மலையாளமும் தமிழும் தெரியுமாம். காலையில தோசையே கிடைக்கும்னு ஒரு சேச்சி எழுதியிருக்காங்க, கேட்டோ!"

நாச்சியாரின் கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது.

"ஆர்யா! அந்த போனை இங்க கொடு... கொடுன்னா!"

அவள் ஓடிவருவதற்குள் ஆர்யா லாட்ஜ் நம்பரை அழுத்தியிருக்க, மறுமுனையில் மணி அடித்துவிட்டது. ஆர்யா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஹலோ, ஜி, போலியே..." என்று இந்தியில் கேட்டது ஓர் ஆண்குரல்.

திருவனந்தபுரத்திலிருந்து பேசுவதாக ஆர்யா மலையாளத்தில் சொன்னாள். அந்தக் குரல் குளிர்ந்தது. அதுவும் மலையாளத்துக்கு மாறியது. எத்தனை பேர், எத்தனை நாள் என்று விசாரித்தது. பிறகு ஆசையாகக் கேட்டது. திருவனந்தபுரத்தில் எங்கே?

"வலியசாலை."

மறுபக்கம் அடங்கிப்போனது.

கலைச்செல்வி மெல்ல எழுந்தாள். மடியிலிருந்த பீன்ஸெல்லாம் தரையில் சிதறின. மகளின் கையிலிருந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான்... நான் கலை பேசுகேன்..."

அப்புறம் சுத்தமான தமிழில், பதினாறு வருஷம் கேட்காத அதே குரல்:

"கலை... அந்தக் குழந்தை பிழைச்சுதா?"

ஆர்யா அசையாமல் நின்றாள். அந்தக் குழந்தை அவள்தான்.

"எங்க போனீங்க?" கலைச்செல்வி அலறினாள். "மதினி ஒரு வார்த்தை சொன்னாங்கறதுக்காக என்னை விட்டுட்டுப் போவீங்களா? எத்தனை கோயில் ஏறி இறங்கினேன் தெரியுமா... ஒரு போன் பண்ணத் தோணலையா உங்களுக்கு?"

"நாச்சியாரக்கா உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா? அன்னைக்கு ரேஷ்மா வீட்டுக்கு வந்தது... பையனைக் காட்டினது... எல்லாம் அக்காவுக்குத் தெரியுமே! இவ்வளவு நாளும் உனக்கும் தெரியும்னுல்லா நினைச்சேன்..."

அவனுக்குப் பின்னாலிருந்து ஓர் இளைஞனின் குரல், "பப்பா!" என்று கூப்பிட்டு இந்தியில் ஏதோ கேட்டது. லைன் கட்டானது.

அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" கலைச்செல்வி நாச்சியாரைத் திரும்பிப் பார்த்தாள். "மதினி... உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாருட்டி அந்த ரேஷ்மா?" குற்றாலலிங்கம் எழுந்து வந்துவிட்டார். "சொல்லு!"

நாச்சியார் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கோவளத்தில் கைவினைப் பொருள் கடை வைத்திருந்த ராஜஸ்தான்காரி. ஒரு நாள் காலையில் இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பையனுக்கு நயினாரின் மூக்கு, நயினாரின் நெற்றி. பார்த்ததுமே நாச்சியாருக்குப் புரிந்துவிட்டது. கலைச்செல்வி உள்ளே படுத்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு கரு கலைந்து, இந்த முறை சின்ன அதிர்ச்சிகூட ஆகாது என்று டாக்டரம்மா கட்டிலோடு கட்டிப்போட்டிருந்த நேரம். நாச்சியார் அந்தப் பெண்ணைச் சிவன் கோயில் வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பேசினாள். அவளும் ஏமாற்றப்பட்டவள்தான், கல்யாணமானவன் என்பதே அவளுக்குத் தெரியாது. புஷ்கரில் ஏரிக்கரையில் அப்பா லாட்ஜ் நடத்துவதாகச் சொல்லி அழுதாள்.

"அன்னைக்கு சாயங்காலம் அவர்கிட்ட கேட்டேன். ரெண்டு பேரும் வேணும்னார். கலைக்குத் தெரியாமப் பாத்துக்கிடுங்கக்கான்னு என்கிட்டயே கெஞ்சினார். அதுக்குத்தான்... இனி இந்தப் படி ஏறக்கூடாதுன்னேன்."

"எனக்குக்கூட சொல்லலையேட்டி!" குற்றாலலிங்கத்தின் குரல் உடைந்தது.

"சொல்லியிருந்தா நீங்க அரிவாளைத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க. சத்தம் இவ காதுல விழுந்திருக்கும். வயித்துல இருந்தது தங்கியிருக்குமா?"

"பிள்ளை பிறந்தப்புறம் சொல்லியிருக்கலாமே!" கலைச்செல்வி பாய்ந்து வந்து நாச்சியாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பதினாறு வருஷம்... பொட்டு வச்சு, பூ வச்சு, வாசல்ல கால் சத்தம் கேட்டா ஓடி ஓடிப் போய்ப் பார்த்தேனே! பார்த்துக்கிட்டுதானே இருந்தே!"

"சொல்லணும்னுதான் இருந்தேன் கலை. பால் குடி மறக்கட்டும்னு பார்த்தேன். அப்புறம் பள்ளிக்கூடம் போகட்டும்னு பார்த்தேன்... ஒவ்வொரு தடவையும் நீ அவர் வருவார்னு சிரிச்சுச் சொல்லும்போது, எனக்கு வாய் வரலை. நீ என்னை ஏசிக்கிட்டே உயிரோட இருந்தே. அது போதும்னு விட்டுட்டேன். ஆனா அது தப்புதான். உன்னைக் காத்திருக்க வச்சது என் தப்புதான்... அதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லு."

கலைச்செல்வி கையை எடுத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாச்சியார் அடுப்பை அணைத்தாள். சிதறிக்கிடந்த பீன்ஸைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். பிறகு தன் பையை எடுத்து நாலு புடவையை மடித்து வைக்கத் தொடங்கினாள்.

"எங்கட்டி கிளம்புதே?"

"கோட்டாத்துக்கு, எங்க அண்ணன் வீட்டுக்கு. என் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்காது. கொஞ்ச நாள் போகட்டும்."

"நான் உன்னைப் பேசினதெல்லாம்..." என்று ஆரம்பித்தார் குற்றாலலிங்கம். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நாச்சியார் பார்த்ததே இல்லை.

ஆர்யா வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பிறக்கணும்னுதானா இத்தனை திட்டும் வாங்கினீங்க, அத்தே?" என்று கேட்டாள். நாச்சியார் அவள் தலையைத் தடவினாள்.

அறைக்கதவு திறந்தது.

கலைச்செல்வியின் கண்கள் வீங்கியிருந்தன. நேராக வந்தாள். நாச்சியாரின் பையை வெடுக்கென்று பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள்.

"எங்க போறே? என்னைத் தனியா விட்டுட்டு நீயும் போகப் போறியா?"

"கலை..."

"கோபம் தீரலை மதினி. லேசுல தீராது, இன்னும் ஏசுவேன்... ஆனா யோசிச்சுப் பார்த்தேன். அந்த மனுஷனுக்கு, பிள்ளை பிழைச்சுதான்னே தெரியலை. பிரசவ ஆஸ்பத்திரியில பதினொரு நாள் என் காலடியில படுத்துக் கிடந்தது நீ. உன் முகத்துல விழிக்கமாட்டேன்னு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தப்பவும், கஞ்சியை வச்சுட்டுப் போனது நீ! நான் என்ன பாவியா இருந்திருக்கேன்..."

அவள் குனிந்து காலைத் தொடப் போக, நாச்சியார் பதறித் தடுத்து இறுக அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இத்தனை வருஷமும் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றே அழுது பழகிய நாச்சியார், அன்று வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கும்படி அழுதாள்.

வெகுநேரம் கழித்து ஆர்யா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்மா... டிக்கெட்டை கேன்சல் பண்ணட்டுமா?"

கலைச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கழுத்துத் தாலியைக் கையில் எடுத்து ஒருமுறை பார்த்தாள்.

"எதுக்கு? போவோம். அந்த ஏரி அவருக்கு மட்டும் சொந்தமா என்ன? அவர் வாசலை மிதிக்கமாட்டேன். இதை என் கையாலேயே கழட்டி அந்தத் தண்ணியில விட்டுட்டு, எம் மகளோட நாலு நாள் ஊர் சுத்திட்டு வருவேன். வேற லாட்ஜ் பாரு மக்களே."

குற்றாலலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாச்சியார் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவர் தலையாட்டினார்.

கலைச்செல்வி கீழே கிடந்த புடவைகளை வாரி எடுத்து, மடிக்காமலேயே அலமாரிக்குள் திணித்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"மதினி, ஒட்டகத்துல ஏற உனக்குப் பயமில்லையே?"

அழுத முகத்தோடு நாச்சியார் சிரித்துவிட்டாள்.